காலி கிராமங்கள் வென்ற போர்

பம்பாயிலிருந்து புனேயைப் பிடிக்கக் கிளம்பிய ஆங்கிலப் படை 1779 ஜனவரியில் வட்காவில் சரணடைந்தது. வாளைவிட அதை அதிகம் வதைத்தது பசி. அந்தப் பசியை உண்டாக்கத் தங்கள் ஊரையே இழந்தவர்களுக்கு மட்டும் வரலாற்றில் இடமில்லை.

புனே நகரின் தென்கிழக்கே வானவடி. ராணுவ மருத்துவக் கல்லூரி, ராணுவ மருத்துவமனை, ரிசர்வ் போலீஸ் முகாம், இடைவெளி விடாமல் எழும்பிவிட்ட அடுக்குமாடிக் குடியிருப்புகள். இவற்றுக்கு நடுவே, ராஜஸ்தான் பாணியும் ஐரோப்பியப் பாணியும் கலந்த ஒரு மண்டபம் நிற்கிறது. உள்ளே கருங்கல்லில் ஒரு சிவன் கோயில். ஆட்டோக்காரர்களுக்கு இது 'சிந்தே சத்ரி'. சத்ரி என்றால் அரசர்களுக்கும் தளபதிகளுக்கும் எழுப்பும் நினைவு மண்டபம். குவாலியர் சிந்தியா வம்சத்தைப் பெரிய சக்தியாக்கிய மகாத்ஜி சிந்தே, 1794 பிப்ரவரி 12 அன்று இங்கே தன் பாசறையில் இறந்தார். எரியூட்டப்பட்டதும் இதே இடத்தில்தான்.

மகாத்ஜியின் பெயரைச் சொன்னால் வரலாற்று மாணவர்களுக்கு தில்லிதான் நினைவுக்கு வரும். 1761-ல் பானிபட்டில் பட்ட காயத்தால் கால் ஊனமானவர், பின்னாளில் மொகலாயப் பேரரசரையே தன் பாதுகாப்பில் வைத்திருந்தார். அவ்வளவு உயர்ந்த பிறகும் தன்னைப் 'பாட்டீல்', அதாவது ஊர்த் தலைவர், என்று சொல்லிக்கொள்வதையே விரும்பினார். ஆனால் மகாராஷ்டிரத்தில் அவரை நாயகனாக்கிய சம்பவம் தில்லியில் நடக்கவில்லை. புனேக்கு மேற்கே மலையடிவாரத்தில், மாவல் பகுதியின் வட்காவில் நடந்தது. 1779 ஜனவரியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் முழுப்படை ஒன்று அங்கே சுற்றி வளைக்கப்பட்டு, சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டது. இந்திய மண்ணில் ஆங்கிலேயர் அதுவரை இப்படித் தலைகுனிந்ததில்லை.

மகாத்ஜிக்கு மண்டபம் இருக்கிறது. வட்காவில் வெற்றித் தூணும் இருக்கிறது. அந்தப் படையின் வயிற்றில் அடித்த மாவல் கிராமங்களுக்கு ஒரு கல்கூட இல்லை. இத்தனைக்கும் அதே ஆண்டுகளில், பூமியின் மறுபக்கத்தில், இதே ஆங்கில அரசின் படைகளை இதே முறையில் பட்டினி போட்ட அமெரிக்க விவசாயிகள் இன்று வரை கொண்டாடப்படுகிறார்கள். இரண்டு போர்களுக்கும் இருந்த உறவு தற்செயலானதும் அல்ல.

பாரிஸிலிருந்து வந்த பயம்

1773 ஆகஸ்ட் 30 அன்று புனே சனிவார் வாடா அரண்மனையில் இளம் பேஷ்வா நாராயணராவ் கொல்லப்பட்டார். பழி சித்தப்பா ரகுநாதராவ் மீது விழுந்தது. நானா பட்னவிஸ் தலைமையில் அமைச்சர்கள் ஒன்று சேர்ந்து, நாராயணராவின் கைக்குழந்தையைப் பேஷ்வாவாக்கினார்கள். ரகுநாதராவ் ஓடிப்போய்ப் பம்பாய் ஆங்கிலேயரிடம் அடைக்கலம் கேட்டார். தன்னைப் பதவியில் உட்கார வைத்தால் வசாயையும் சால்செட் தீவையும் தருவதாக 1775 மார்ச்சில் சூரத்தில் ஒப்பந்தம் போட்டார். சால்செட் என்பது இன்றைய மும்பையின் பாந்த்ரா, அந்தேரி முதல் தாணே வரை பரவிய நிலம். அதை ஆங்கிலேயர் ஏற்கெனவே 1774 கடைசியில் பிடித்துவிட்டிருந்தார்கள்.

கல்கத்தாவிலிருந்த மேலிடம் இந்த ஒப்பந்தத்தை ஏற்காமல், 1776-ல் புரந்தரில் வேறு ஒப்பந்தம் போட்டது. விவகாரம் அதோடு ஆறிப்போயிருக்கலாம். அதை மீண்டும் கிளறிவிட்டது அமெரிக்கா.

1775-ல் அங்கே குடியேற்ற நாடுகள் ஆங்கில அரசை எதிர்த்து ஆயுதம் எடுத்தன. 1777 அக்டோபரில் சரட்டோகாவில் ஒரு முழு ஆங்கிலப் படை சரணடைந்தது. அதைப் பார்த்துத் துணிந்த பிரான்ஸ், 1778 பிப்ரவரியில் அமெரிக்கர்களோடு கூட்டணி வைத்தது. இதற்கு முந்தைய ஆண்டே செயின்ட் லூபின் என்ற பிரெஞ்சுக்காரர் மேற்குக் கடற்கரையில் வந்திறங்கி, புனே தர்பாரில் மரியாதையோடு வரவேற்கப்பட்டிருந்தார். அவர் கையில் பெரிய அதிகாரம் எதுவும் இருந்ததில்லை. ஆனால் நானா அவரைச் சாமர்த்தியமாகப் பயன்படுத்திக்கொண்டார். பிரெஞ்சுக்காரர்கள் புனே வரை வந்துவிட்டார்கள் என்ற பீதி பம்பாயையும் கல்கத்தாவையும் பிடித்துக்கொண்டது. போர்ச் செய்தி கிடைத்ததுமே ஆங்கிலேயர் சந்தன்நகரைப் பிடித்தார்கள். 1778 அக்டோபரில் புதுச்சேரி வீழ்ந்தது. அடுத்த இலக்கு புனே.

19,000 மாடுகள்

கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காளத்திலிருந்து தரை வழியே ஒரு படையை அனுப்பியிருந்தார். அது இந்தியாவின் குறுக்கே நடந்து வந்துகொண்டிருந்தது. பம்பாய் கவர்னர் வில்லியம் ஹார்ன்பிக்கு அதுவரை பொறுமையில்லை. ரகுநாதராவோடு புனேக்குள் நுழைந்தால் போதும், மராட்டிய சர்தார்கள் தாமாகவே வந்து சேர்ந்துகொள்வார்கள் என்று நம்பினார். அப்படித்தான் ரகுநாதராவ் அவரிடம் சொல்லியிருந்தார்.

1778 நவம்பர் கடைசியில் படை பம்பாயிலிருந்து கிளம்பியது. சுமார் 3,900 வீரர்கள். அதில் ஐரோப்பியர் 600 பேருக்கும் குறைவு. மற்றவர்கள் எல்லோரும் இந்தியச் சிப்பாய்கள். தலைமை கர்னல் எகர்ட்டன். அவர் அதிகாரத்துக்கு மேல் ஒரு கமிட்டி, அதில் முக்கியமானவர் ஜான் கார்னக். படையோடு பீரங்கி, கூடாரம், அரிசி, சாராயம், அதிகாரிகளின் சாமான்கள் எல்லாவற்றையும் சுமக்க 19,000 மாடுகள்.

தோல்வி இந்த மாட்டுக் கணக்கிலேயே இருந்தது. உழவு மாடு வைத்திருக்கும் எந்த விவசாயிக்கும் தெரியும், பாரம் இழுக்கும் மாட்டுக்கு நாள்தோறும் வைக்கோல் வேண்டும், தண்ணீர் வேண்டும். 19,000 மாடுகளுக்கு வேண்டிய தீனியை எந்தப் படையாலும் முதுகில் கட்டிக்கொண்டு போக முடியாது. போகிற வழியில் உள்ள ஊர்கள்தான் தர வேண்டும். தராவிட்டால் பறித்தாக வேண்டும்.

பன்வேலிலிருந்து போர் காட் மலைப்பாதை ஏறிப் படை கண்டாளாவுக்கு வந்து சேர்ந்தபோது டிசம்பர் 23. அங்கிருந்து தலேகாவ் சுமார் 35 கிலோமீட்டர். இன்று எக்ஸ்பிரஸ் வேயில் அரை மணி நேரப் பயணம். எகர்ட்டனின் படைக்கு 17 நாள் ஆனது. நாளொன்றுக்குச் சராசரி 2 கிலோமீட்டர். ஊர்வலம் போல நகர்ந்த இந்தக் கூட்டத்தை மராட்டியக் குதிரைப் படை நேருக்கு நேர் தாக்கவில்லை. பக்கவாட்டில் வந்து தொட்டுவிட்டு மறைந்தது. பின்னால் பம்பாய்க்குப் போகும் பாதையை அறுத்தது. கொங்கணத்திலிருந்து மேலே வரவேண்டிய சாமான்கள் நின்றுபோயின. ஜனவரி 4 அன்று கார்லாவில், முன்னணிப் படையை நடத்திச் சென்ற கேப்டன் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் பீரங்கிக் குண்டுக்குப் பலியானார். எகர்ட்டன் நோயில் படுத்தார். பொறுப்பு கர்னல் காக்பர்னிடம் போனது.

ரகுநாதராவ் சொன்ன சர்தார்கள் ஒருவரும் வரவில்லை. ஊர்க்காரர்களும் வரவில்லை. வரவேற்பதற்கு ஊரில் ஆளே இல்லை.

எரிந்த வைக்கோல்

மாவல் என்பது சகியாத்ரி மலையின் கிழக்குச் சரிவில் இந்திராயணி, பவனா ஆறுகளின் பள்ளத்தாக்குகளைக் கொண்ட நாடு. சிவாஜியின் காலாட்படை இந்த மலைவாசிகளால் ஆனது. 'மாவளா' என்ற சொல்லே மராத்தியில் சிவாஜியின் வீரனைக் குறிக்கும். ஒளரங்கசீப்பின் படைகளோடு பல ஆண்டுகள் போராடிய அனுபவம் இந்த ஊர்களுக்கு உண்டு. படை வருகிறது என்று தெரிந்தால் மாடு கன்றை ஓட்டிக்கொண்டு, தானியத்தைக் குழிக்குள் புதைத்துவிட்டு மலை மேல் ஏறிவிடுவது இங்கே தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். லோகட், விசாபூர், ராஜ்மாச்சி என்று தலைக்கு மேலே கோட்டைகளுக்கும் பஞ்சமில்லை.

காலமும் கவனிக்கத்தக்கது. மாவல் நெல் விளையும் பூமி. மழையை நம்பி ஒரே போகம். கார்த்திகையில் அறுப்பு முடியும். தை மாதத்தில் நெல் குதிருக்குள்ளும் வைக்கோல் போரிலும் இருக்கும். ஒரு படை சாப்பிட வர இதைவிட நல்ல மாதம் கிடையாது. அதனால்தான் நானாவும் மகாத்ஜியும் போட்ட உத்தரவு அவ்வளவு கடுமையாக இருந்தது. படை வரும் பாதையில் தின்ன ஒன்றும் மிஞ்சக்கூடாது. எடுத்துப் போக முடிந்ததை எடுத்துப் போ, மீதியைக் கொளுத்து.

ஜனவரி 9 அன்று ஆங்கிலப் படை தலேகாவுக்குள் நுழைந்தபோது ஊர் எரிந்து கிடந்தது. அங்கிருந்து புனே 18 மைல்தான். ஆனால் அடுத்த ஊரான சிஞ்ச்வட்டையும் கொளுத்தப் போகிறார்கள், தேவைப்பட்டால் தலைநகர் புனேக்கே தீ வைக்கவும் ஏற்பாடு தயார் என்று முகாமுக்குச் செய்தி வந்தது. புனேயில் வீடுகளைக் காலி செய்யத் தொடங்கிவிட்டார்கள். எதைப் பிடிக்க வந்தார்களோ அதுவே இல்லாமல் போகும் என்றால் எதற்காகப் போவது? கையில் சுமார் 18 நாளைக்கு உணவு இருந்தும் கமிட்டிக்குத் தைரியம் போய்விட்டது.

வரலாற்று நூல்கள் இந்த இடத்தை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன: மராட்டியர் பயிரையும் ஊரையும் எரித்தனர். எரிந்தது யாருடையது என்று அந்த வரி கேட்பதில்லை. தை மாதத்தில் வைக்கோல் போர் எரிந்தால், ஆனி மழை வரும் வரை மாட்டுக்குத் தீனி இல்லை. கூரை வேயவும் அந்த வைக்கோல்தான். மாடு மெலிந்தால் அடுத்த உழவு இல்லை. விதை நெல் போனால் அடுத்த விளைச்சலும் இல்லை. ஒரு மாலைப் பொழுதில் வைத்த தீ, ஒரு குடும்பத்தின் இரண்டு ஆண்டுகளைத் தின்றுவிடும். தளபதிகள் ஒரு போரைப் பணயம் வைத்தார்கள். மாவல் விவசாயி பணயம் வைத்தது தன் பிழைப்பை.

குளத்தில் பீரங்கிகள்

ஜனவரி 11 இரவு. கனமான பீரங்கிகளைத் தலேகாவில் இருந்த பெரிய குளத்தில் தள்ளிவிட்டு, சாமான்களைக் கொளுத்திவிட்டு, ஆங்கிலப் படை இருட்டோடு இருட்டாகத் திரும்பி நடக்கத் தொடங்கியது. ரகசியமாகப் போவதாக நினைப்பு. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் அவர்களுக்கு மட்டும்தான் வழி தெரியாது. விடிவதற்குள் மராட்டியப் படை நாலாபுறமும் வளைத்துக்கொண்டது. பின்னணியில் நின்று தாக்குதலைத் தாங்கியது கேப்டன் ஹார்ட்லியின் சிப்பாய்கள். அவர்கள் இல்லாவிட்டால் படை வட்காவ் வரைகூடப் போயிருக்காது.

12-ம் தேதி மாலை எப்படியோ வட்காவ் கிராமத்துக்குள் புகுந்தார்கள். மறுநாள் காலை மராட்டிய பீரங்கிகள் பேசத் தொடங்கின. பின்வாங்கலாம் என்று ஹார்ட்லி சொன்ன திட்டத்தையும் மேலதிகாரிகள் ஏற்கவில்லை. தூது போனது. முதல் நிபந்தனையாக ரகுநாதராவை ஒப்படைக்கச் சொன்னார் நானா. ரகுநாதராவ் அதற்குள் தானாகவே மகாத்ஜியிடம் போய்ச் சேர ஏற்பாடு செய்துகொண்டார். கார்னக் தனியே மகாத்ஜியைப் பிடித்தார். மகாத்ஜி அதற்காகவே காத்திருந்தார்.

ஜனவரி 16 அன்று வட்காவ் உடன்படிக்கை கையெழுத்தானது. 1773-க்குப் பிறகு பிடித்த சால்செட் உள்ளிட்ட இடங்களைத் திருப்பித் தருவது. வங்காளத்திலிருந்து வரும் படையைத் தடுத்து நிறுத்துவது. இரண்டு அதிகாரிகளைப் பிணையாக விட்டுப் போவது. இதோடு மகாத்ஜிக்குத் தனியாக பரூச் வருமானமும் அவரது ஆட்களுக்கு 41,000 ரூபாயும். எரிந்த தலேகாவுக்கு நஷ்ட ஈடு என்று ஒரு ஷரத்தும் அதில் இல்லை.

செய்தி போனதும் லண்டனில் கம்பெனி இயக்குநர்கள் கார்னக், எகர்ட்டன், காக்பர்ன் மூவரையும் வேலையிலிருந்து நீக்கினார்கள். ஹார்ட்லிக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

நியூ ஜெர்சியின் வைக்கோல் வண்டிகள்

இதற்குச் சரியாக இரண்டு ஆண்டு முன்பு, 1777 ஜனவரியில், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் நடந்ததையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே ஆங்கிலப் படையோடு 'ஹெஸ்ஸியர்' என்று பொதுவாகச் சொல்லப்பட்ட ஜெர்மன் கூலிப்படையினரும் வந்திருந்தார்கள். போர் முழுவதற்குமாகச் சுமார் 30,000 ஜெர்மானியரை இங்கிலாந்து வாடகைக்கு அமர்த்தியது. 1776 கடைசியில் நியூ ஜெர்சி மக்களில் பலர் ஆங்கிலேயரிடம் விசுவாசப் பிரமாணம் செய்து பாதுகாப்புச் சீட்டு வாங்கிக்கொண்டார்கள். ஆனால் படையினர் வீடு புகுந்து கொள்ளையடித்தபோது அந்தச் சீட்டை யாரும் மதிக்கவில்லை. ஹெஸ்ஸியர்களுக்கு அதைப் படிக்கவும் தெரியாது.

டிசம்பர் 26 அன்று ட்ரென்டனில் ஜார்ஜ் வாஷிங்டன் சுமார் 900 ஹெஸ்ஸியரைச் சிறைப்பிடித்தார். அதோடு குளிர்காலம் முழுவதும் வேறு ஒரு போர் நடந்தது. ஆங்கிலப் படையின் குதிரைகளுக்கு வைக்கோல் வேண்டும். வைக்கோல் எடுக்கப் படை வெளியே வரும்போதெல்லாம் உள்ளூர் விவசாயிகளின் ஊர்க்காவல் படை வேலிக்குப் பின்னாலிருந்து சுட்டது. 1777 ஜனவரி 20 அன்று மில்ஸ்டோன் ஆற்றங்கரையில் ஃபிலிமான் டிக்கின்சன் தலைமையில் போன ஊர்க்காவலர்கள், சாமான் ஏற்றிய வண்டிகளை இடுப்பளவு குளிர்ந்த நீரில் இறங்கிப் போய்ப் பிடித்தார்கள். வசந்தம் வருவதற்குள் ஆங்கிலேயர் நியூ ஜெர்சியின் ஒரு மூலைக்குள் ஒடுங்கிவிட்டார்கள்.

இரண்டு இடத்திலும் பலவீனம் ஒன்றுதான்: தொலைதூரத்திலிருந்து வந்த படை, உள்ளூர் வைக்கோலை நம்பி நின்றது. ஆனால் ஒரு வித்தியாசத்தை மறைக்கக்கூடாது. நியூ ஜெர்சி விவசாயி துப்பாக்கி எடுத்தது தன் முடிவில். போர் முடிந்ததும் அமைந்த ஆட்சியில் நிலம் வைத்திருந்தவனுக்கு ஓட்டும் இருந்தது. மாவல் விவசாயி ஊரைக் காலி செய்தது மேலிடத்து உத்தரவில். அவனிடம் யாரும் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை. உத்தரவு இல்லாமலிருந்தால் என்ன செய்திருப்பான்? ஒன்று மட்டும் நிச்சயம். பம்பாயிலிருந்து பணத்தோடு வந்த படைக்கு அரிசியும் வைக்கோலும் நல்ல விலைக்கு விற்றிருக்கலாம். மலைமேல் ஒளித்ததைக் காட்டிக்கொடுத்துப் பரிசு வாங்கியிருக்கலாம். படை பசியோடு திரும்பியதிலிருந்தே, அப்படிச் செய்தவர்கள் அதிகம் இல்லை என்பது தெரிகிறது. உத்தரவு போடுவது சுலபம். ஒரு நாடு முழுவதும் வாயை மூடிக்கொண்டிருக்க உத்தரவு மட்டும் போதாது.

காஞ்சிபுரத்துக் கஞ்சி

தீயின் மறுபக்கத்தைத் தமிழ்நாடு நன்றாக அறியும். வட்காவ் நடந்த இரண்டே மாதத்தில் ஆங்கிலேயர் மாஹேயைப் பிடித்தார்கள். அதன் வழியேதான் ஹைதர் அலிக்குப் பிரெஞ்சு ஆயுதங்கள் வந்துகொண்டிருந்தன. கோபம் கொண்ட ஹைதர், நானா பட்னவிஸோடு கைகோத்தார். 1780 ஜூலையில் கர்நாடகச் சமவெளிக்குள், அதாவது இன்றைய வட தமிழ்நாட்டுக்குள், பெரும்படையோடு இறங்கினார்.

மாவலில் செய்ததை ஹைதர் பல மடங்கு பெரிதாகச் செய்தார். சென்னையைச் சுற்றி ஒரு வளையமாகக் கிராமங்கள் கொளுத்தப்பட்டன. ஜெனரல் மன்றோவின் படை காஞ்சிபுரத்தில் சோற்றுக்கு அலைந்தது. செப்டம்பர் 10 அன்று அருகே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. மன்றோ என்ன செய்தார்? கனமான பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்கு ஓடினார். தலேகாவ் குளத்துக் கதை 20 மாதத்தில் தமிழ் மண்ணில் திரும்ப நடந்தது.

ஆனால் அடுத்து வந்தது பஞ்சம். எரிந்த வயல்கள் விளையவில்லை. உழுவதற்கு மாடும் இல்லை, ஆளும் இல்லை. கிராமங்களிலிருந்து மக்கள் சென்னையை நோக்கி நடந்தார்கள். 1782-ல் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம்தான் மணியக்காரர் சத்திரம். பின்னாளில் அந்த இடத்தில் வளர்ந்த ஸ்டான்லி மருத்துவமனையை வட சென்னை மக்கள் நெடுங்காலம் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே அழைத்தார்கள். அந்தப் பெயருக்குள் ஹைதர் வைத்த தீயின் சாம்பல் இருக்கிறது.

அந்நியப் படையைப் பட்டினி போடும் போரில் முதலில் பட்டினி கிடப்பது உள்ளூர்க்காரன்தான். மாவலில் போர் சில வாரங்களில் முடிந்ததால் தப்பித்தார்கள். தொண்டை மண்டலத்தில் முடியவில்லை.

வெற்றி எங்கே போனது?

வட்காவில் கிடைத்ததை புனே ஆட்சியாளர்கள் எவ்வளவு நாள் வைத்திருந்தார்கள்? உடன்படிக்கையைப் போடக் கார்னக்குக்கு அதிகாரமே இல்லை என்று சொல்லி ஹேஸ்டிங்ஸ் அதை நிராகரித்தார். வங்காளத்திலிருந்து வந்த கர்னல் கோடர்டின் படை நிற்காமல் சூரத் போய்ச் சேர்ந்தது. மகாத்ஜியின் காவலில் அனுப்பப்பட்ட ரகுநாதராவ் வழியிலேயே தப்பி கோடர்டிடம் போனார். 1780-ல் அகமதாபாத், குவாலியர் கோட்டை, வசாய் மூன்றும் ஆங்கிலேயர் கைக்குப் போயின.

1781 பிப்ரவரியில் கோடர்ட் மறுபடியும் போர் காட் ஏறி வந்தார். இம்முறையும் மாவல் அவருக்குச் சோறு போடவில்லை. பன்வேலிலிருந்து வந்த சாமான் வண்டிகளைப் பரசுராம் பாவு பட்வர்தனின் குதிரைப் படை வழிமறித்தது. ஏப்ரலில் கோடர்ட் பெரும் சேதத்தோடு கீழே இறங்கினார். இரண்டாம் முறையும் ஜெயித்தது அதே தந்திரம்.

ஆனால் 1782 மே 17 அன்று மகாத்ஜி முன்னின்று முடித்த சல்பாய் உடன்படிக்கையில் சால்செட் ஆங்கிலேயரிடமே விடப்பட்டது. கூட்டாளி ஹைதர் தனியே விடப்பட்டார். பத்தாண்டுக்குள் வேடிக்கை இன்னும் முற்றியது. 1781-ல் யார்க்டவுனில் அமெரிக்கர்களிடம் சரணடைந்த கார்ன்வாலிஸ் பிரபு, இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரலாக வந்து, 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவை மண்டியிட வைத்தபோது, பக்கத்தில் நின்றது மராட்டியப் படை.

1817-ல் கட்கியில் பேஷ்வாவின் படை தோற்றது. புனே ஆங்கிலேயர் வசமானது. நகரின் கிழக்கே எழுந்த கன்டோன்மென்ட், மகாத்ஜி எரியூட்டப்பட்ட வானவடியையும் தொட்டுப் பரவியது. ராணுவத்தோடும் ராணுவத்துக்கான பிழைப்புகளோடும் தமிழர்களும் முகாம் பகுதிக்கு வந்து சேர்ந்தார்கள்.

'அந்நியப் படை' என்ற சொல்லையும் கொஞ்சம் நிதானமாகத்தான் பயன்படுத்த வேண்டும். வட்காவில் வளைக்கப்பட்டவர்களில் ஆறில் ஐந்து பங்கு இந்தியர்கள். கொங்கணக் கரையிலிருந்து கம்பெனிச் சம்பளத்துக்குப் போனவர்கள் அதில் ஏராளம். ஊரில் நிலமும் மரியாதையும் மறுக்கப்பட்ட சாதியினருக்கு அந்தச் சிவப்புச் சட்டை ஒரு வாசலாக இருந்தது. தீ வைத்தவனும் தீயைக் கண்டு திரும்பி ஓடியவனும் ஒரே மொழி பேசியிருக்கக்கூடும்.

பெயருள்ளவர், பெயரில்லாதவர்

மாவலில் ஒருவர் மட்டும் எதிரியாக வந்து தெய்வமாகிவிட்டார். கார்லாவில் மாண்ட கேப்டன் ஸ்டூவர்ட். முன்னால் நின்று போரிட்ட அவரது துணிச்சலைப் பார்த்து மராட்டியர்களே 'இஷ்டூர் பாக்டா' என்று பெயர் வைத்தார்கள். 'பாக்டா' என்பது அந்தக் காலத்தில் அசகாய சூரர்களுக்குத் தரப்பட்ட பட்டம். வட்காவில் உள்ள அவருடைய நினைவிடத்தில் உள்ளூர்க்காரர்கள் பூ வைத்து வணங்கியிருக்கிறார்கள். எதிரியின் வீரத்தை மதிக்கும் மனசு பெரிய மனசுதான். தமிழ்நாட்டு நடுகல் மரபை அறிந்தவர்களுக்கு இது புதிதும் அல்ல.

ஆனால் அந்தக் கேப்டனுக்குப் பெயர் இருக்கிறது. மகாத்ஜிக்கு மண்டபம் இருக்கிறது. தலேகாவில் வீட்டுக் கூரை எரிவதை மலைமேல் நின்று பார்த்தவளின் பெயர் மட்டும் எங்கும் இல்லை.

தேட முடியாத பெயர்களும் அல்ல. பேஷ்வாக்களின் ஆட்சி எதையும் எழுதிவைத்த ஆட்சி. படைகள் மிதித்த வயலுக்கு வரித் தள்ளுபடி கொடுக்கும் வழக்கம் அதற்கு உண்டு. ஊர் ஊராக வரிக் கணக்கு, பாக்கி, தள்ளுபடி எல்லாம் எழுதிய மோடி எழுத்துக் காகிதங்கள் புனே ஆவணக் காப்பகத்தில் துணி மூட்டைகளாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. கோடிக்கணக்கில் இருக்கும் அந்தக் காகிதங்களில் தளபதிகளின் கடிதங்கள் பல அச்சேறிவிட்டன. கிராமக் கணக்குகளில் பெரும்பகுதி இன்னும் பிரிக்கப்படவில்லை. மோடி எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களோ வெகு சிலர்.

1779 தை மாதத்துக்குப் பிறகு தலேகாவ், கார்லா, வட்காவ் ஊர்களுக்கு வரி குறைந்ததா, குறையவில்லையா? குறைந்திருந்தால், தங்கள் வைக்கோல் போரைக் கொடுத்து ஒரு போரை வென்றவர்களுக்கு அரசு நன்றி சொன்னது என்று பொருள். குறையாமலிருந்தால், அதுவும் தெரிய வேண்டிய சேதிதான். பதில் மும்பையிலும் லண்டனிலும் இல்லை. புனேயிலேயே ஏதோ ஒரு மூட்டைக்குள் இருக்கலாம். வெற்றித் தூணுக்கு மாலை போடுகிறவர்கள் அந்த மூட்டையையும் ஒரு நாள் அவிழ்க்கச் சொன்னால் நல்லது.